கைகள் எட்டு, கேள்வி ஒன்று

சென்ற வாரம் உங்களை எங்கே நிறுத்திவிட்டுப் போனேன்?

1948 செப்டம்பரில், பாரிஸில், ஷாய்யோ மாளிகையின் வாசலில். எதிரே ஸேன் நதி, நதிக்கு அக்கரையில் ஐஃபல் கோபுரம். மாளிகைக்குள் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை கூடப்போகிறது. மேசையைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் பிரதிநிதிகள். வெளியே இரண்டு தரப்புகள். ஒரு தரப்பு, இந்தியாவோடு இணைய மறுத்த ஹைதராபாத் மன்னர் நிஜாமின் தூதுக்குழு. மறு தரப்பு இந்தியா.

இந்தியாவின் சார்பில் தலைப்பாகை கட்டிய ஒரு தமிழர் நின்றுகொண்டிருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வழக்கறிஞர், அரசியல்வாதி, தூதர் என்று மூன்று வாழ்க்கைகளை ஒரே உடம்பில் வாழ்ந்தவர்.

ஆர்க்காடு ராமசாமி முதலியார்.

உள்ளே போவதற்கு முன் ஒரு நிமிடம். போன சனிக்கிழமை முண்டியம்பாக்கம் ரயிலடி டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு அனுப்பிவிட்டு வந்தவர். தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறார்.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன். 13-ஆம் தேதியே பட்டாளம் உள்ள பூந்துடுச்சி. நாலு நாள்ல முடிஞ்சிடப் போவுது. அப்பறம் பாரிசுல இன்னா பேச்சி? பீரங்கி பேசறப்ப வக்கீல் எதுக்கு?”

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வாரம்.

பெரியவரே, பீரங்கி ஜெயிப்பது ஒன்று. ஜெயித்ததை உலகம் ஒப்புக்கொள்வது வேறொன்று. அந்த ஆண்டின் தொடக்கத்தில் காஷ்மீர் விவகாரத்தை இந்தியாவே போய் இதே சபையில் வைத்தது. அன்று வாதாடப் போனவரும் ஒரு தமிழர்தான், என். கோபாலசாமி அய்யங்கார். நியாயம் கேட்டுப் போன இடத்தில் நியாயம் சிக்கலாகிப்போனது. பேச்சு, தீர்மானம், கமிஷன், மறுபடி பேச்சு. ஒருமுறை அந்த மேசையின் மேல் ஏறிய காகிதம் அவ்வளவு லேசில் இறங்காது என்பதை டெல்லி பட்டுத் தெரிந்துகொண்டது.

இப்போது ஹைதராபாத்தும் அதே மேசைக்கு வந்துவிட்டது.

நினைத்துப் பாருங்கள். இந்தியப் படை இன்னும் ஹைதராபாத் நகரத்தை எட்டவில்லை. இந்த நேரத்தில் பாரிஸிலிருந்து “நிறுத்து” என்று ஒரு சொல் வந்தால்? படைகள் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். நடுவில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு இருபுறமும் பார்வையாளர்கள் வந்து உட்கார்வார்கள். இந்தியாவின் நட்டநடு வயிற்றில் இன்னொரு காஷ்மீர்.

அந்த ஒரு சொல் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். முதலியாருக்கு இடப்பட்ட வேலை அவ்வளவுதான்.

அவ்வளவுதானா!

*

பெரியவர் இன்னொன்றும் கேட்டார். “நம்ம ஓமந்தூரார் இதுல எங்க வர்றாரு?”

வருகிறார். வராமல் எப்படி?

திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த விவசாயி ராமசாமி ரெட்டியார் அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர். அன்றைய சென்னை மாகாணம் நம் முண்டியம்பாக்கத்தோடு முடிந்துவிடவில்லை. கிருஷ்ணா, குண்டூர், கர்னூல், பெல்லாரி எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த எல்லை முழுவதும் நிஜாம் சீமையை ஒட்டிக்கொண்டு ஓடியது. நிஜாம் ஆட்சிக்கு ஆதரவாக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்களுக்குப் பயந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுக்கவேண்டியது ஓமந்தூராரின் அரசு. கிழக்கிலிருந்து ஹைதராபாத்துக்குள் நுழைந்த படை கிளம்பிய பெஜவாடாவும் அவருடைய மாகாணத்து ஊர்தான்.

இரண்டு ராமசாமிகள். ஒருவர் கோட்டையில், இன்னொருவர் பாரிஸில். ஒருவர் ஏர் பிடித்த கை, காங்கிரஸ் கதர். இன்னொருவர் சட்டப் புத்தகம் பிடித்த கை, நீதிக்கட்சிக்காரர். அரசியலில் எதிரெதிர்க் கரை. அந்த செப்டம்பரில் இருவர் தோளிலும் ஒரே பாரம்.

இங்கேதான் ஒரு முடிச்சு. அதை அவிழ்க்காமல் ஷாய்யோ மாளிகைக்குள் போக முடியாது.

நீதிக்கட்சிக்காரரான முதலியாரைக் காங்கிரஸ் அரசு ஏன் அனுப்பியது?

*

முதலியாரின் வாழ்க்கையை ஒரு கேள்வி நிழல்போலத் துரத்தியது. “நீ யாருடைய பிரதிநிதி?”

முதல் அடி சான்பிரான்சிஸ்கோவில் விழுந்தது. மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு, 1945-இல். உலகப்போர் முடியும் தறுவாய். ஐ.நா. என்ற புதிய வீட்டுக்குக் கடைக்கால் போடும் மாநாடு. இந்தியக் குழுவுக்குத் தலைவர் முதலியார். வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்தவர். சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவையில் இந்தியாவின் சார்பில் உட்கார்ந்தவர். ‘சர்’ பட்டம் வேறு.

அதே ஊருக்கு விஜயலட்சுமி பண்டிட்டும் வந்திருந்தார். நேருவின் தங்கை. அழைப்பில்லை, பதவியில்லை. குரல் மட்டும் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இந்திய மக்களின் பிரதிநிதிகள் அல்லர், வெள்ளைக்கார அரசு பொறுக்கி அனுப்பியவர்கள் என்று மேடை மேடையாகச் சொன்னார். சோவியத் அயலுறவு அமைச்சர் மொலோடோவும் சும்மா இருக்கவில்லை. இந்தியா இன்னும் சுதந்திர நாடு அல்ல என்பதைப் பத்திரிகையாளர்கள் முன்னால் எடுத்துச் சொன்னார்.

முதலியார் எதிர்த்துக் கூச்சல் போடவில்லை. அவர் வேலையைச் செய்தார். பொருளாதார, சமூக ஒத்துழைப்பைப் பற்றிப் பேசிய குழுவுக்கு அவர்தான் தலைவர். பட்டினி, நோய், வேலையின்மை ஆகியவையும் உலக சமாதானத்தின் விஷயம்தான் என்று சாசனத்தில் எழுதப்பட்ட இடம் அது. கடைசியில் இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையெழுத்திட்டதும் அவர்தான். பக்கத்தில் கையெழுத்திட்டவர் வி.டி. கிருஷ்ணமாச்சாரி.

அடுத்த ஆண்டு லண்டனில் ஐ.நா. பொருளாதார, சமூக சபை பிறந்தது. அதன் முதல் தலைவராக யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ராமசாமி முதலியாரை. உலக நாடுகள் ஒரு சுகாதார மாநாட்டைக் கூட்டவேண்டும் என்று அந்தச் சபை எடுத்த முடிவிலிருந்துதான் உலக சுகாதார நிறுவனம் முளைத்தது. பின்னாளில் அந்த நிறுவனத்தின் பேரவைக்கே தலைமை தாங்கியவர் அவருடைய இரட்டைச் சகோதரர், டாக்டர் லட்சுமணசாமி முதலியார். நம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரிசையில் நிற்கும் தாய்க்கு இந்தப் பெயர்கள் தெரியாது. தெரியவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் அந்த வரிசைக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது.

இருந்தும் கேள்வி விடவில்லை.

இரண்டாவது அடி மைசூரில்.

1946-இல் மைசூர் சமஸ்தானத்தின் திவான் ஆனார். அடுத்த ஆண்டு சுதந்திரம் வந்தது. மகாராஜா ஜெயசாமராஜ உடையார் இந்தியாவுடன் இணைவதற்குக் கையெழுத்திட்டார். ஆனால் மக்கள் கேட்டது அதற்கும் மேலே. ஆட்சி எங்கள் கைக்கு வரட்டும் என்றார்கள். ‘மைசூர் சலோ’ போராட்டம் வெடித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சிறைகள் நிரம்பின. தெருவெல்லாம் ஒரே முழக்கம், “ஆர்க்காட் பாய்காட்!”

யாருடைய பெயரைச் சொல்லிப் புறக்கணிக்கிறார்கள்? இவர் பெயரைத்தான்.

நீ மகாராஜாவின் ஆளா, மக்களின் ஆளா? மறுபடியும் அதே கேள்வி.

போராட்டம் வாரக்கணக்கில் நீண்டது. கடைசியில் அரண்மனை இறங்கி வந்தது. உடன்பாடு ஏற்பட்டது. கே.சி. ரெட்டியின் தலைமையில் மக்கள் மந்திரிசபை பதவி ஏற்றது. முதலியார் திவானாகத் தொடர்ந்தார், ஆனால் இப்போது மக்கள் தேர்ந்தவர்களோடு ஒரே மேசையில். ஒரு மன்னராட்சி எப்படி மக்களாட்சிக்கு வழிவிடுகிறது, எந்த இடத்தில் அடம்பிடிக்கிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்பதையெல்லாம் அரண்மனையின் உள்ளிருந்து பார்த்தவர் அவர். பார்த்தது மட்டுமா? அதன் சூட்டைத் தன் மேலேயே வாங்கியவர்.

இப்போது சொல்லுங்கள். நிஜாமின் வழக்கை எதிர்த்து நிற்க இவரைவிடப் பொருத்தமானவர் உண்டா?

ஐ.நா. சாசனம் அவர் கண்ணெதிரே எழுதப்பட்டது. ஒவ்வொரு விதியும் எப்படி வந்தது என்று தெரியும். சமஸ்தானம் என்றால் என்ன என்று தெரியும், அவரே ஒரு சமஸ்தானத்தின் திவான். மேசையைச் சுற்றி உட்காரும் முகங்களும் புதியவை அல்ல. அன்று சபைக்குத் தலைமை தாங்கிய பிரிட்டனின் சர் அலெக்சாண்டர் கடோகனும் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு வந்தவர்தான்.

டெல்லி பழைய கணக்கைப் பார்க்கவில்லை. வழக்குக்கு ஏற்ற வக்கீலைப் பார்த்தது. முதலியாரும் பழைய காயத்தைப் பார்க்கவில்லை. நேற்றுவரை எதிரணியில் இருந்தவர்களின் அரசு கூப்பிட்டதும் போனார். இரு தரப்பும் அந்த நேரத்தில் காட்டிய பெருந்தன்மையை நாம் மறக்கக்கூடாது.

இன்னும் ஒன்று உண்டு. முதலியார் பிறந்த ஊர் கர்னூல். துங்கபத்திரையின் தென்கரை. வடகரை யாருடையது? நிஜாமுடையது. ஆற்றங்கரையில் நின்றால் அக்கரையில் தெரிவது நிஜாம் சீமை. அவர் குழந்தையாகப் பார்த்த அக்கரை அது. அறுபது வயதில் அந்த அக்கரைக்காகத்தான் பாரிஸ் வந்து நிற்கிறார்.

சரி, உள்ளே போகலாம்.

*

1948 செப்டம்பர் 16, வியாழக்கிழமை.

கடோகன் தலைவர் நாற்காலியில். முதல் கேள்வி சின்னக் கேள்விபோலத் தெரியும். ஹைதராபாத்தின் புகாரை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதா, வேண்டாமா?

சின்னக் கேள்வியா இது? நிரலில் சேர்க்காவிட்டால் கதை இங்கேயே முடிந்தது. சேர்த்துவிட்டால் வழக்கு தொடங்கிவிட்டது.

பதினோரு பேர். ஏழு ஓட்டு விழுந்தால் போதும்.

கைகள் உயர்ந்தன.

அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ்.

பெல்ஜியம், கனடா, அர்ஜென்டினா, கொலம்பியா, சிரியா.

எட்டு!

எதிர்த்து ஒரு கைகூட இல்லை. சீனா ஒதுங்கிக்கொண்டது. சோவியத் யூனியனும் உக்ரைனும் கை தூக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. தெலங்கானா கிராமங்களில் செங்கொடி பிடித்த விவசாயிகள் இதே நிஜாமை எதிர்த்து ஆயுதம் ஏந்தியிருந்த காலம் அது. மாஸ்கோ என்ன நினைத்தது என்பதை அந்தத் தூக்காத கைகள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் சுற்று ஹைதராபாத்துக்கு.

இரு தரப்பும் மேசைக்கு அழைக்கப்பட்டன. இந்த ஒரு காட்சியை மனதில் நிறுத்துங்கள். நிஜாமின் தூதுக்குழுத் தலைவர் நவாப் மொயின் நவாஸ் ஜங், உலகத்தின் மிக உயர்ந்த மேசையில் இந்தியாவுக்குச் சமமாக வந்து உட்கார்கிறார். ஹைதராபாத் தனி நாடு என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் நாற்காலி போட்டாகிவிட்டது. நாற்காலிக்கும் ஒரு பேச்சு உண்டு.

மொயின் நவாஸ் ஜங்கைக் கெட்டவராகத் தீட்டி உங்களிடம் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவருக்கென்று ஒரு தவிப்பு இருந்தது. நிஜாமின் பிரதமர் லாயக் அலிக்கு நெருங்கிய உறவினர். ஊரில் அரசு சரிந்துகொண்டிருக்கிறது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நேரம். இரண்டு நாள், மூன்று நாள் படை நின்றால் போதும், பேச்சு தொடங்கிவிடும். பேச்சு தொடங்கிவிட்டால் நிஜாமின் சிங்காதனம் தப்பினாலும் தப்பும்.

அவர் பேசினார். இந்தியா எங்கள் மண்ணுக்குள் படையோடு புகுந்துவிட்டது, அதற்கு முன்பே பொருளாதார முற்றுகையிட்டு எங்களை நெருக்கியது, ஒவ்வொரு மணி நேரமும் உயிர்கள் போகின்றன, சபை உடனே தலையிடவேண்டும். இதுதான் அவருடைய வழக்கின் சாரம்.

மேசையில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு உலகப்போர்களைப் பார்த்தவர்கள். சின்ன நாட்டைப் பெரிய நாடு விழுங்கிய கதைகளின் காயம் ஆறாதவர்கள். பெல்ஜியம் அதை அனுபவித்த நாடு. பிரான்ஸ் அனுபவித்த நாடு. அந்த மாளிகை நிற்கிற நகரத்தின் தெருக்களிலேயே நாலு வருஷத்துக்கு முன்புவரை ஜெர்மானியப் படை நடந்தது.

அவர்கள் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும்?

இப்போது இந்தியாவின் முறை.

*

முதலியார் முன்னால் இரண்டு வழிகள்.

ஒன்று, உணர்ச்சியின் வழி. ரஜாக்கர்கள் செய்ததையெல்லாம் அடுக்கலாம். எரிந்த கிராமங்கள், ஓடிவந்த அகதிகள், ரஜாக்கர் தலைவர் காசிம் ரஜ்வியின் மிரட்டல்கள். எல்லாம் உண்மை. சொன்னால் சபை உருகும்.

ஆனால் உருகிய சபை என்ன சொல்லும்? “அடடா, இவ்வளவு கொடுமையா? அப்படியானால் நாங்களே வந்து விசாரிக்கிறோம்!”

போச்சு. காஷ்மீரில் விழுந்த அதே குழி.

இன்னொன்று, வக்கீலின் வழி. வழக்கின் உள்ளே போகாதே. வழக்குப் போட்டவனுக்கு வழக்குப் போடும் உரிமை உண்டா என்று கேள்.

முதலியார் அந்த இரண்டாவது வழியில் இறங்கினார்.

ஐ.நா. சாசனத்தின் 35-ஆவது விதியில் ஒரு பிரிவு. ஐ.நா.வில் உறுப்பினராக இல்லாத ‘ஸ்டேட்’ ஒன்றும் தன் தகராறைச் சபைக்குக் கொண்டுவரலாம் என்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் ஹைதராபாத் உள்ளே வந்தது. முதலியார் அந்தக் கதவின் ஒற்றைச் சொல்லைப் பிடித்தார்.

‘ஸ்டேட்’.

தமிழில் நமக்கு இந்தச் சங்கடமே இல்லை பாருங்கள். நாடு என்றால் நாடு, சமஸ்தானம் என்றால் சமஸ்தானம். புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பிரான்ஸ் நாட்டோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மைசூரும் ஸ்டேட், பிரான்ஸும் ஸ்டேட். அந்தச் சொல்லின் இடுக்கில்தான் ஒரு கோடியே அறுபது லட்சம் மக்களின் தலைவிதி மாட்டிக்கொண்டிருந்தது.

முதலியார் பிரித்துக் காட்டினார். வெள்ளையர் காலத்தில் ஹைதராபாத்துக்குச் சொந்தமாக அயலுறவு உண்டா? இல்லை. எந்த நாட்டோடும் தானாக ஒப்பந்தம் செய்தது உண்டா? இல்லை. பிரிட்டிஷ் மேலாதிக்கத்தின் கீழே இருந்த நூற்றுக்கணக்கான சமஸ்தானங்களில் அதுவும் ஒன்று. அளவில் பெரியது, அந்தஸ்தில் அதே. வெள்ளையர் போன பிறகு? நிஜாமே இந்தியாவோடு ‘இருந்தபடியே இருக்கட்டும்’ என்று ஓராண்டு உடன்பாடு செய்துகொண்டார். அந்த உடன்பாட்டின்படியும் பாதுகாப்பும் அயலுறவும் இந்தியாவின் கையில்தான். அயலுறவே தன் கையில் இல்லாத ஒன்று, அயல்நாட்டுச் சபையில் வந்து வழக்குப் போடுவது எப்படி?

ஹைதராபாத் என்றுமே தனி நாடாக இருந்ததில்லை. ஆகவே இந்தப் புகாரை விசாரிக்கும் உரிமை சபைக்கு முதலில் உண்டா என்று பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. இதுதான் அவர் வைத்த வாதம்.

கத்தியின் கூர்மை எங்கே இருக்கிறது பார்த்தீர்களா?

அவர் ஜெயிக்கவேண்டும் என்பதே இல்லை. தோற்காமல் இருந்தால் போதும். இந்தச் சட்டக் கேள்வியைச் சபை யோசிக்கத் தொடங்கிவிட்டால் அதற்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு நாள் போதாது. சபை யோசிக்கும் ஒவ்வொரு நாளும் இந்தியத் தளபதி ஜெனரல் சௌத்ரியின் படை ஹைதராபாத்தை நெருங்கும் நாள். நேரம் வேண்டி பாரிஸ் வந்தவர் மொயின் நவாஸ் ஜங். அதே நேரத்தை அவர் கையிலிருந்து அமைதியாகப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார் முதலியார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

அன்று அந்த மேசையில் முதலியார் எழுப்பிய கேள்வியின் தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது?

நீ யாருடைய பிரதிநிதி?

சான்பிரான்சிஸ்கோவில் அவர் மேல் எறியப்பட்ட கல். மைசூர்த் தெருக்களில் அவர் மேல் எறியப்பட்ட கல். மூன்று ஆண்டுகள் அதன் வலியைச் சுமந்தவர், அதே கல்லைச் சட்டத்தின் உளியால் செதுக்கி, உலகத்தின் மேசை மேல் வைத்தார். நீங்கள் ஒரு நாட்டின் பிரதிநிதியா, ஒரு மன்னரின் பிரதிநிதியா? அந்த மன்னர் அந்த மக்களைக் கேட்டாரா?

பட்டவனுக்குத்தான் தெரியும் அந்தக் கேள்வியின் கனம். சட்டப் புத்தகம் படித்த பலருக்கு 35-ஆவது விதி தெரிந்திருக்கும். அந்த விதியின் அடியில் ஒரு மனிதக் கேள்வி துடிப்பது, அந்தக் கேள்வியால் அடிபட்டவருக்குத்தான் கேட்கும்.

பெரியவரே, பீரங்கி பேசும்போது வக்கீல் எதற்கு என்று கேட்டீர்களே. இதற்குத்தான். பீரங்கிக்குக் கேள்வி கேட்கத் தெரியாது.

*

அன்று சபை தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. “நிறுத்து” என்ற சொல் வரவில்லை. பிறகு கூடுவோம் என்று கலைந்தது. அடுத்த கூட்டம் திங்கட்கிழமை.

வியாழனிலிருந்து திங்களுக்கு நாலு நாள்.

ஹைதராபாத்தைப் பொறுத்தவரை அது நாலு யுகம்.

வெள்ளிக்கிழமை. உலகத்தின் கவனம் திடீரென்று வேறு பக்கம் திரும்பியது. எருசலேமில் ஐ.நா.வின் சமாதானத் தூதர் கவுன்ட் பெர்னடாட் சுட்டுக் கொல்லப்பட்டார். பாரிஸ் அதிர்ந்தது.

அதே வெள்ளிக்கிழமை. ஹைதராபாத்தில் லாயக் அலியின் மந்திரிசபை ராஜினாமா செய்தது. மாலையில் நிஜாம் உஸ்மான் அலி கான் வானொலியில் பேசினார். சண்டை நிற்கட்டும் என்றார். உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று பெயரெடுத்தவரின் குரல், தோற்ற குரலாக வீடுகளுக்குள் ஒலித்தது.

சனிக்கிழமை. நிஜாமின் தளபதி எல் எத்ரூஸ், ஜெனரல் சௌத்ரியிடம் சரணடைந்தார்.

சென்னைக் கோட்டையில் ஓமந்தூரார் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார். எல்லை தாண்டி வந்த அகதிகள் ஊர் திரும்பலாம். ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவைக்கிறேன். சண்டை நின்ற பிறகு ஹைதராபாத்தின் கிராமங்களில் நிரபராதிகளான முஸ்லிம்கள் பட்ட துயரம் பெரிது. அதை விசாரிக்க சுந்தர்லால் குழுவை டெல்லியே அனுப்பவேண்டி வந்தது. வெற்றியைச் சொல்லிவிட்டு அதை விழுங்கிவிடும் வரலாறு எனக்கு வேண்டாம். அதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். அன்று தலைகுனிந்து பேசுவோம்.

இப்போது பாரிஸுக்குத் திரும்புங்கள்.

ஊரில் அரசு விழுந்துவிட்டது. மந்திரிசபை போய்விட்டது. படை சரணடைந்துவிட்டது. ஆனால் ஷாய்யோ மாளிகையின் நிகழ்ச்சி நிரலில் ‘ஹைதராபாத்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. அழியவில்லை. எட்டுக் கைகள் எழுதியதை ஒரு சரணாகதி அழித்துவிட முடியாது. மொயின் நவாஸ் ஜங் இன்னும் பாரிஸில்தான் இருக்கிறார்.

வியாழக்கிழமை முதலியார் எழுப்பிய கேள்வி இப்போது இன்னும் கூர்மையாக நவாபின் எதிரே நின்றது.

அனுப்பிய மந்திரிசபையே இல்லை. அனுப்பிய மன்னரோ சண்டையை நிறுத்திவிட்டார். இந்த மனிதர் இனி யாருடைய பிரதிநிதி?

அப்போதுதான் அது வந்தது.

ஒரு தந்தி.

ஹைதராபாத்திலிருந்து புறப்பட்டு ஐ.நா. பொதுச் செயலாளர் பெயருக்கு வந்த தந்தி. அனுப்பியவர் பெயர் நிஜாம். பாதுகாப்புச் சபையில் கொடுத்த புகாரை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றது அது.

வழக்கு முடிந்ததா?

இல்லை. மேசையைச் சுற்றி முகங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. இந்தியப் படை ஊருக்குள் இருக்கும்போது வந்த தந்தி இது. கையெழுத்து நிஜாமுடையது, சரி. மனசு?

முதலியாரின் கேள்வி திரும்பி அவரை நோக்கியே வந்துகொண்டிருந்தது. நீங்கள் காட்டும் இந்தத் தந்தி, யாருடைய சொல்?

அவர் என்ன பதில் சொன்னார்?

அடுத்த வாரம்.